மூத்திரப்பை ஊசி: கல்ச்சர் ரிப்போர்ட் இல்லாமல் பில் போட விடாதீங்க

மூத்திர அவசரம் என்றால் என்ன என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடக்கிப் பழகும் பயிற்சி, சாலிஃபெனாசின் (வாய் காய்ந்து சோறே இறங்கவில்லை), மிராபெக்ரான் என்று மாத்திரைகள் எல்லாம் பார்த்தாச்சு, எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் மூத்திரப்பைத் தசையைத் தளர்த்தும் பொட்டாக்ஸ் ஊசிதான் என்று முடிவானது.

அம்பாசமுத்திரத்திலிருந்து மதினியைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனால், கவுண்டரில் இருந்த பிள்ளை முதலில் மருந்துக்குப் பில் போட்டுவிட்டது. 100 யூனிட் குப்பி, அந்த விலையே தனி வலி. வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனால் நர்ஸ் கேட்கிறார், கல்ச்சர் ரிப்போர்ட் (மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்க்கும் டெஸ்ட்) எங்கே? என்னிடம் இருந்தது சாதாரண யூரின் டெஸ்ட். கிருமி இருக்கும்போது இந்த ஊசி போடக் கூடாது, அது நியாயம்தான். ஆனால் சீட்டில் வெறும் 'யூரின் டெஸ்ட்' என்று எழுதித் தந்தது யார்? கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகுமே! அந்தப் பிள்ளையோ கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "டாக்டர் சொல்லியிருப்பாங்கம்மா" என்கிறது. "பில்லு போடுததுக்கு முன்னாலயே நீ கேக்கணும்லா?" என்று மதினி போட்ட சத்தத்தில் மேனேஜர் வந்துவிட்டார்.

குப்பியைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்தைப் பங்குனி வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோய் என்ன செய்ய? விடவில்லை. என் பெயரும் பில் நம்பரும் எழுதி அவர்கள் ஃப்ரிட்ஜிலேயே வைத்து, ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுத் தந்த பிறகுதான் நகர்ந்தோம்.

கல்ச்சர் முடிவு வந்த பிறகு, அடுத்த தடவை செங்கோட்டை பாசஞ்சரில் போனேன். ரயிலில் கக்கூஸ் இருக்கிறது, பஸ் என்றால் சேரன்மகாதேவியில் இறங்கி ஓட வேண்டும்.

ஊசி ஒன்றும் பெரிதில்லை. மரத்துப்போக மருந்து விட்டு, கொஞ்ச நேரம் படுக்க வைத்து, கேமரா குழாய் வழியாக 20 இடம் போலக் குத்தினார்கள், சுருக் சுருக்கென்று முடிந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், முக்கியமானது. சிலருக்கு இந்த ஊசிக்குப் பிறகு மூத்திரம் முழுசாக இறங்காது, கொஞ்ச நாளைக்குத் தாங்களே குழாய் விட்டு எடுக்க வேண்டிவரும். இதை யாரும் தானாகச் சொல்லித் தர மாட்டார்கள். ஊசிக்கு முன்னாலேயே நர்ஸைப் பிடித்து, கண்ணாடி வைத்துப் பழகிக்கொண்டேன். எனக்குத் தேவைப்படவில்லை, ஸ்கேனில் பார்த்தபோது பையில் மூத்திரம் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது.

இரண்டு வாரத்துக்குள் அவசரம் நன்றாகவே குறைந்துவிட்டது. ஆறேழு மாதத்தில் வேகம் குறையுமாம், திரும்பப் போட வேண்டும். அதற்குக் குறைந்தது 3 மாத இடைவெளி வேண்டும், கல்ச்சரும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், பழைய ரிப்போர்ட் செல்லாது.