பத்தாயிரத்துக்குள் ஒரு மானிட்டர்

தம்பி மகனுக்கு கேம் விளையாட மானிட்டர் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தோம். கையில் 10,000 ரூபாய். கடைக்காரர் எடுத்த எடுப்பில் 27 இன்ச் வளைந்த மானிட்டரைக் காட்டினார். பையன் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கிட்டே போய்ப் பார்த்தால் எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. 1920-க்கு 1080 பிக்சலை அவ்வளவு பெரிய திரையில் பரப்பினால் வேறென்ன ஆகும்? அதற்கு 24 இன்ச்தான் சரி.

போதாததற்கு அது விஏ என்கிற வகைத் திரை. கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் இருட்டுக் காட்சியில் சட்டென்று திரும்பினால் பின்னாலேயே ஒரு நிழல் இழுக்கும். அந்த இழுவை குறைவான ஐபிஎஸ் வகைத் திரை கேட்டேன். (பிக்சல் நிறம் மாற ஆகும் நேரம் '1 மில்லிசெகண்ட்' என்று அட்டைப்பெட்டியில் யார்தான் போடவில்லை? அதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.)

கடைசியில் 24 இன்ச், ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ், அதாவது திரையில் படம் நொடிக்கு 144 முறை மாறும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும். இதில் 7-க்கும் குறைவு.

வீட்டில் மாட்டியதும் பையன் முகம் தொங்கிவிட்டது. "பெரியப்பா, பழசு மாதிரியேதான் இருக்கு." விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் பார்த்தால் 60-லேயே நிற்கிறது! 144-க்கு மாற்றினேன். மவுஸை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.