பி.டி. சார் சொன்ன சோடாக்காரப் பையன்

1997இல் எங்கள் பள்ளி விடுதியில் கால்பந்து ரசிகர்களிடையே இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று பூட்டியா கட்சி, இன்னொன்று விஜயன் கட்சி. நான் பூட்டியா பக்கம். தேசிய கால்பந்து லீக் முதன்முதலாக நடந்து, பஞ்சாபின் ஜே.சி.டி. அணி கோப்பையை வென்றிருந்த நேரம். அதில் அதிக கோல் அடித்தவர் பைச்சுங் பூட்டியா, அப்போது 20 வயது. கணக்கு நோட்டின் பின்னட்டையில் அவர் படத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தேன்.

பி.டி. சார் அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "கோல் அடிச்சவன் பேரு தெரியுது. அதே டீம்ல விஜயன் எப்படி ஆடறான்னு பார்த்தியாடா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் பயிற்சி நடக்கவில்லை. கோல் கம்பத்தடியில் எங்களை உட்கார வைத்து ஐ.எம். விஜயனின் கதையைச் சொன்னார். 1969இல் திருச்சூரில் பிறந்தவர். வறுமை. ஊர் மைதானத்தில் மேட்ச் நடக்கும்போது பாட்டில் 10 பைசாவுக்கு சோடா விற்றிருக்கிறார். 17 வயதில் கேரளா போலீஸ் அணிக்குப் போனார். 1990இல் அந்த அணி தேசிய அளவிலான பெடரேஷன் கோப்பையை வென்றது அதே திருச்சூரில்தான். "சோடா வித்த ஊருலயே, டா!" என்று சொல்லும்போது சாருக்குக் குரல் கம்மியது. கையிலிருந்த விசிலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன், அப்பா தள்ளுவண்டியில் கடலை விற்பவர். நன்றாக ஓடுவான், ஆனால் அணித் தேர்வுக்கு வரவே மாட்டான். அன்று கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு வெறுங்காலோடு மைதானத்தில் நின்றான்.

விஜயன் 1993, 1997, 1999 என மூன்று முறை இந்தியாவின் சிறந்த வீரராகத் தேர்வானவர். 1999இல் பூடானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆவது வினாடியில் கோல் போட்டவர். கொல்கத்தா ரசிகர்கள் அவரைக் கறுப்பு மான் என்று கொண்டாடினார்கள். அதே 1999இல் பூட்டியா இங்கிலாந்தின் பரி அணிக்குப் போனார். நாடு முழுக்க அவர் பேச்சாகவே இருந்தது. அவர் அதற்குத் தகுதியானவர்தான், இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஏழு வயது இளையவரான பூட்டியாவுக்கு அர்ஜுனா விருது 1998இல், விஜயனுக்கு 2003இல். பத்மஸ்ரீ பூட்டியாவுக்கு 2008இல் வந்தது. விஜயனுக்கு 2025இல்தான் வந்தது என்பது இன்னமும் என் மனசை அறுக்கிறது.

இப்போதைய பிள்ளைகள் விஜயனை 'திமிரு', 'பிகில்' படங்களில் பார்த்த முகமாகத்தான் சொல்கிறார்கள்.

விஜயனுக்குப் பத்மஸ்ரீ என்ற செய்தி வந்த இரவு சாருக்கு போன் போட்டேன். காது மந்தம், இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்தக் கடலைக்காரர் பையனுக்குச் சொல்லிட்டியா?" என்றார்.