படம் போட்ட அட்டை

சீட்டாட்டத்தில் ஜோக்கரை இறக்குகிற மாதிரிதான் அண்ணன் அந்த அட்டையை என் மேஜையில் போட்டார். 2008 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. நியூஜெர்சியின் இசெலினில், ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு சேலைக்கடைக்கும் ஸ்வீட் கடைக்கும் நடுவே இருந்த டிராவல் ஏஜென்சியில் நான் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். அட்டையில் கோட்டு டையோடு அவர் படம், அதன் கீழே 'டிராவல் கன்சல்டன்ட்', அதற்கும் கீழே ஒரு எட்டு இலக்க எண்.

"இனிமே நானும் உன் லைன்தான் தம்பி" என்றார்.

அண்ணன் எனக்குச் சொந்தம் இல்லை. 2001-ல் வேலை உறுதியாகாமல் வந்து இறங்கிய என்னை, தன் அபார்ட்மென்ட் ஹாலில் மூன்று மாதம் படுக்க வைத்தவர். வாடகை என்று ஒரு டாலர் வாங்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம். அவருக்கு இந்த அட்டை எதற்கு என்பதுதான் எனக்கு முதலில் புரியவில்லை.

சேருவதற்கு நானூறு டாலர் சொச்சம், அப்புறம் மாதம் நாற்பது சொச்சம். பதிலுக்கு அட்டை, அவர் பெயரில் ஒரு வெப்சைட். ஹோட்டலில் ஏஜென்ட் ரேட், கப்பலில் ஏஜென்ட் ரேட், குடும்பத்தோடு போகும் சுற்றுலாவையெல்லாம் வியாபாரச் செலவென்று வரியில் கழிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் மாதச் சந்தாவும் கிடையாது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அப்போது அந்த மாதிரிப் பல இருந்தன. எங்கள் தொழிலில் அவற்றுக்கு 'கார்டு மில்' என்று பெயர். மாவு மில் மாதிரி, அட்டை அரைக்கிற மில்.

எட்டு இலக்க எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஏர்லைன் டிக்கெட் அடிக்க வேண்டுமென்றால் ஏ.ஆர்.சி. என்ற அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரத்தின் அடையாளம்தான் எட்டு இலக்க எண். புது ஏஜென்சி என்றால் பிணையாக 20,000 டாலருக்குப் பாண்டு கட்ட வேண்டும். ஞாயிறோடு கணக்கை மூடி, செவ்வாய்க்குள் அந்த வாரம் விற்ற டிக்கெட்டுகளுக்கெல்லாம் கணக்குக் கொடுக்க வேண்டும். கட்டணத்தைத் தப்பாகப் போட்டால், குறைந்த பணத்தைக் கட்டச் சொல்லி ஏர்லைன் டெபிட் மெமோ அனுப்பும். அது என் சம்பளத்திலேயே பிடிபட்டதும் உண்டு. அட்டையில் இருந்த எண் அண்ணனுடையது இல்லை, கம்பெனியினுடையது. சேர்ந்தவர் அத்தனை பேருக்கும் அதே எண்தான்.

எனக்கும் ஒரு அட்டை இருந்தது. ஐயாட்டான் அட்டை, நிஜமாகவே தொழில் செய்கிற ஏஜென்ட்டுகளுக்கான அடையாள அட்டை. வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் இந்த வேலை பார்க்க வேண்டும், வருடத்துக்கு 5,000 டாலராவது இதில் சம்பாதித்திருக்க வேண்டும், அப்போதுதான் கிடைக்கும். எனக்கு வந்து சேர மூன்று வருடம் ஆனது. ஏ.டி.75 என்று ஏஜென்சி ஊழியர்களுக்கு ஏர்லைன்கள் தரும் எழுபத்தைந்து சதவீதத் தள்ளுபடி டிக்கெட் ஒன்று உண்டு. ஏர்லைன்காரர் மனம் வைத்து, சீட்டும் காலியாக இருந்தால் கிடைக்கும். இத்தனை வருடத்தில் நான் அதில் ஊருக்குப் போனது ஒரே தடவை.

ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், டிராவல் ஏஜென்ட் ஓசியில் பறக்கிறவன் என்றுதான் சொல்வார்கள். அந்த நினைப்பைத்தான் அட்டைக்காரர்கள் விலை போட்டு விற்றார்கள். உண்மை நிலவரம் வேறு. அமெரிக்க உள்நாட்டு டிக்கெட்டுக்குப் பத்து சதவீதம் வந்துகொண்டிருந்த கமிஷனுக்கு 1995-ல் டெல்டா ஏர்லைன் உச்சவரம்பு கட்டியது. எத்தனை ஆயிரத்துக்கு டிக்கெட் விற்றாலும், போக வர 50 டாலருக்கு மேல் கிடையாது. மற்ற ஏர்லைன்களும் பின்னாலேயே வந்தன. 2002-ல் அதுவும் போய்விட்டது. டிக்கெட்டை மொத்தமாக எடுத்து விற்கும் கன்சாலிடேட்டரிடம், கமிஷன் இல்லாத நெட் ரேட்டுக்கு வாங்கி, மேலே இருபதோ முப்பதோ வைத்து நாங்கள் பிழைத்துக்கொண்டிருந்தோம். உண்மையான ஏஜென்சிகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் 'ஏஜென்ட் ஆகுங்கள்' என்று ஊரெல்லாம் கூப்பிட்டார்கள்.

ரூட் ஒன் ஓரத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த கூட்டத்துக்கு அண்ணன் என்னைக் கூட்டிப்போனார். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் பயணத்தைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. டிக்கெட்டை கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், டிரான்சிட் விசா எங்கே வேண்டும், ஒரு கேள்வி இல்லை. வட்டம் வட்டமாகப் படம் போட்டு யாருக்குக் கீழே யார் என்பதுதான் மீதி முழுக்க. கிளம்பும்போது அண்ணன், "நீ தொழில் தெரிஞ்சவன், எனக்குக் கீழ வந்தா எங்கேயோ போயிடலாம்" என்றார். யோசிக்கிறேன் என்றேன். அதைச் சொன்னதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். அங்கேயே, பார்க்கிங்கிலேயே, இது வேண்டாம் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். அந்த ஹாலில் படுத்த மூன்று மாதம் வாயைக் கட்டிவிட்டது.

பிப்ரவரியில் குடும்பத்தோடு ஆர்லாண்டோ போனார். ஹோட்டல் முன்பதிவு மேஜையில் அட்டையைக் காட்டியபோது, இது செல்லாது, ஐயாட்டான் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்தது அம்மா. அண்ணனின் அம்மா ஆறு மாதம் இருந்துவிட்டு ஏப்ரலில் சென்னை திரும்ப வேண்டும். தன் வெப்சைட்டிலேயே டிக்கெட் போட்டார். நெவார்க்கிலிருந்து மும்பைக்கு ஒரு டிக்கெட், மும்பையிலிருந்து சென்னைக்கு உள்நாட்டு டிக்கெட் தனியாக. இரண்டையும் கூட்டினால் நான் சொன்ன விலையைவிட அறுபது டாலர் குறைவு.

ஒரு மாலை ஆறரை மணிக்கு ஆபீஸைப் பூட்டப்போகும்போது போன். மும்பையில் விடிகாலை நான்கு. அம்மா இரவே இறங்கி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி உள்நாட்டு டெர்மினலுக்கு வந்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். கவுண்டரில் 26 கிலோ அதிகம் என்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து 23 கிலோவில் இரண்டு பெட்டி. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அதே கணக்கில் சென்னை வரை போயிருக்கும். தனி டிக்கெட் என்பதால் உள்நாட்டுக் கணக்கு, 20 கிலோ. கையில் இருந்த ரூபாய் போதவில்லை, டாலரை அந்தக் கவுண்டரில் வாங்கவில்லை. யாரோ ஒரு பயணியின் செல்போனில் மகனைக் கூப்பிட்டிருக்கிறார். மகன் கம்பெனி நம்பரைக் கூப்பிட்டு, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொன்னதையெல்லாம் அழுத்திவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீ ஏதாவது பண்ணு தம்பி."

என்னால் ஒன்றும் முடியவில்லை. நாங்கள் அடித்த டிக்கெட் இல்லை, சிஸ்டத்தில் அந்த பி.என்.ஆரைத் திறக்கக்கூட எனக்கு வழி இல்லை. சுற்றிலும் சென்னை போகிற குடும்பம் எதுவும் இருக்கிறதா, அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள் என்றேன். ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் கணக்கில் 15 கிலோ ஏறியது. அந்த வீட்டுக்காரரே அம்மாவின் டாலரை வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுக்க, மீதிக்குப் பணம் கட்டினார். அதற்கு முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து, பாதாம் பாக்கெட், சாக்லேட், பேரன் வரைந்து கொடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஊர் பார்க்கப் பிரித்து மாற்றி வைத்ததைத்தான் அம்மா பிறகு திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த ஆகஸ்டில் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் ஜெர்ரி பிரவுன், இதே மாதிரி ஆள் சேர்த்துக்கொண்டிருந்த, இலினாய் மாநிலத்தின் ஒய்.டி.பி. என்ற கம்பெனிமீது வழக்குப் போட்டார். அண்ணன் சேர்ந்தது வேறு கம்பெனி, ஆனால் செய்தியைப் படித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 2007-ல் ஒய்.டி.பி. சேர்ந்தவர்களுக்கு வெப்சைட் விற்றுச் சம்பாதித்தது 103 மில்லியன் டாலர், பயணக் கமிஷனில் வந்தது 13 மில்லியன். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒரு பைசாகூடக் கமிஷன் பார்க்கவில்லை. பார்த்தவர்களிலும் நடுவில் நிற்கிறவருக்கு வருடத்துக்கு 39 டாலர். அடுத்த வருடம் ஒரு மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். அண்ணன் தன் கணக்கைப் பார்த்தார். ஏழு மாதத்தில் 14 டாலர், அதில் பாதி அம்மா டிக்கெட்டில் வந்தது.

பணம் போனதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. சேர்த்துவிட்ட நான்கு பேரில் இரண்டு பேர் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பழக்கமானவர்கள். அதில் ஒரு பையன், கல்யாணமாகி ஆறு மாதம்தான். கோயில் கேன்டீனில் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுவான். அண்ணன் தன் கையிலிருந்து நானூறு டாலருக்குச் செக் எழுதி அனுப்பினார். செக் பணமானது. பேச்சு திரும்பவில்லை.

டிசம்பரில் ஒரு காலை அவர் வீட்டுக்குப் போனபோது, காரின் முன்கண்ணாடியில் உறைந்த பனியை அந்த அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தார். கோட்டு டை படம் பாதி அழிந்திருந்தது. "கெட்டியான பிளாஸ்டிக் தம்பி" என்றார்.

அடுத்த வருடம் அம்மா மறுபடி வந்தார். டிக்கெட் நான்தான் போட்டேன், லண்டன் வழியாக, ஒரே டிக்கெட். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது சென்னையிலிருந்து எனக்கு போன்.

"ஏம்பா, பம்பாயில எறங்கணுமா?"

"இல்லம்மா."

"பொட்டிய தொறக்கணுமா?"

"வேண்டாம்மா, நேரா இங்க வந்துரும்."

"சரி, அப்ப உனக்கும் கொஞ்சம் முறுக்கு வச்சிடறேன்."