டெக்சாஸ் பான்ஹேண்டிலில் புயல் துரத்தல்: மேகத்துக்கு முன்னால் சாலை

இடிமின்னல் புயல்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. காலையில் ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் கணிப்பு மையத்தின் வரைபடத்தைப் பார்த்தால், டெக்சாஸின் வடகோடியான பான்ஹேண்டிலின் கிழக்கு ஓரத்துக்கு ‘என்ஹான்ஸ்டு’ போட்டிருந்தார்கள். புயல் அபாயத்தின் ஐந்து படிகளில் அது மூன்றாவது. மே மாதத்தில் அதுவே போதும். நண்பர் வண்டி ஓட்ட, ரேடார் ஆப்பும் காகித வரைபடமும் என் பொறுப்பு.

மதியம் ஷாம்ராக்கில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு காத்திருந்தோம். இந்தப் பொழுதுபோக்கில் பாதி நாள் பெட்ரோல் பங்கில்தான் கழியும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்றும் சந்திக்கும் டிரைலைன் எங்களுக்கு மேற்கே நின்றது. ஆனால் மேலே சூடான காற்றடுக்கு ஒன்று மூடி போட்டிருந்ததால், மேகங்கள் எழும்புவதும் கரைவதுமாகவே இருந்தன.

மாலை ஐந்து மணி வாக்கில் ஹெட்லி ஊர்ப் பக்கம் ஒரு மேகம் மூடியைப் பிளந்துகொண்டு மேலே போனது. ரேடார் படம் சில நிமிடம் பழையதாகத்தான் வரும். அதை நம்பிக் கிட்டே போகக்கூடாது. 83-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே வெலிங்டனுக்கு இறங்கி, அங்கிருந்து 203-இல் மேற்கே திரும்பினோம். வழியில் சால்ட் ஃபோர்க் ஆறு. 1933-இல் பாலம் இல்லாதது தெரியாமல், கொள்ளைக்கார ஜோடி போனி, கிளைடு வந்த கார் கவிழ்ந்தது இங்கேதான். சாலை தெரியாதவனுக்கு இந்த ஊர் அன்றும் இரக்கம் காட்டவில்லை.

புயல் வடகிழக்கே நகரும் என்பதால் அதன் தென்கிழக்கில் நின்றோம். ஆலங்கட்டி விழும் பகுதி வடக்கே தள்ளி இருக்கும், கிழக்கே ஓட வழியும் இருக்கும். முதுகில் வெதுவெதுப்பான காற்று புயலை நோக்கி வீசியது. கோதுமைக் கதிர்கள் எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தன. மேக அடித்தளத்திலிருந்து ஒரு கட்டி கீழே இறங்கி, மெதுவாக, கண்ணுக்குத் தெரியும்படி சுற்றியது. கிழிந்த மேகத்துணுக்குகள் தரையிலிருந்து அதற்குள் ஏறின. அப்புறம் அதன் கீழே ஒல்லியாக ஒரு புனல். வயலில் செம்மண் தூசி எழும்பிய பிறகுதான் டொர்னேடோ, அதாவது தரையைத் தொடும் சுழல்காற்று என்று உறுதியானது. கொஞ்ச நேரத்தில் கயிறாக மெலிந்து அறுந்தது.

முகத்தில் சில்லென்று காற்று மோதியதும் கிளம்பிவிட்டோம். நண்பருக்கு 83-இல் வடக்கே போய் இன்னொரு தடவை மறிக்க ஆசை. அதற்குப் புயலின் முன்னால் குறுக்கே போகவேண்டும், மண்பாதையோ மழையில் வழுக்கும். 2013-இல் ஓக்லஹோமாவின் எல் ரெனோவில் வந்த டொர்னேடோவிலிருந்து, டொர்னேடோ ஆய்வாளர் டிம் சமராஸ் போன்ற அனுபவசாலியே தப்பவில்லை. சரி, வேண்டாம் என்று ஹாலிஸ் ஊர்ப் பக்கம் கிழக்கே வண்டியை விட்டோம்.

அடுத்த தடவை பின்கண்ணாடிக்கும் ஒரு கேமரா வைக்கவேண்டும். ஓடும்போதுதான் மேகத்தின் முழு உருவமும் தெரிகிறது.