கிப்ஸ் கருவியின் பக்கத்தில் கேட்ட பெயர்

1999 ஆகஸ்ட். சென்னை மாநிலக் கல்லூரியில் நான் பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். சால்ட் அனாலிசிஸ் வகுப்பு முடிந்து, ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரிக்கும் கிப்ஸ் கருவியின் அழுகிய முட்டை வாடை சட்டையெல்லாம் ஏறியிருக்க, நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது எங்கள் சார் ஈரம் படாத ஒரு மூலையில் செய்தித்தாளை விரித்தார். இந்தியாவின் அணு ஆயுதக் கொள்கை வரைவு வெளியாகியிருந்தது. "இதைத் தயாரிச்ச குழுவுக்குத் தலைமை தாங்கினவர் நம்ம காலேஜ்ல கெமிஸ்ட்ரி எம்.எஸ்சி. படிச்சவர்டா" என்றார்.

கே. சுப்பிரமணியம். அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டேன். 1929-ல் திருச்சியில் பிறந்தவர், 1950-ல் நம் கல்லூரியில் எம்.எஸ்சி. முடித்து அதே வருடம் ஐ.ஏ.எஸ். தேர்வில் முதலிடம் பிடித்தவர் என்பதெல்லாம் அப்புறம் தேடித் தெரிந்துகொண்டது. 1968-ல் டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். 1971-ல், கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) விஷயத்தில் இந்தியா தலையிட வேண்டும் என்று வெளிப்படையாகவே வாதாடினார். இந்தியாவுக்கு அணு ஆயுதம் வேண்டும் என்று பல வருடம் எழுதியவரும் அவர்தான். ஆனால் அந்த வரைவில் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி இருந்தது, அது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எங்கள் ரெக்கார்டு நோட்டில் கண்ணால் கண்டதற்கு ஒரு பத்தி, அதிலிருந்து எடுக்கும் முடிவுக்கு இன்னொரு பத்தி. எதிர்பார்த்த விடையைக் கண்டதாக எழுதினால் சார் பக்கத்தையே அடித்துவிடுவார். 1999 கார்கில் போரைப் பற்றி ஆராய்ந்த கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கையைப் பற்றிப் படித்தபோது அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. நால்வர் குழு, இவர் தலைவர். பாகிஸ்தானின் ஊடுருவல் முழுக்க முழுக்க எதிர்பாராதது என்று அதில் எழுதினார்கள். எழுபதுகளின் கடைசியில் உளவுத் தகவல்களை அலசும் அரசின் கூட்டு உளவுக் குழுவுக்கே தலைவராக இருந்தவர், உளவு அமைப்புகளின் குறைகளைப் பூசி மெழுகாமல் எழுதியது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

அதே 1999-ல் பத்ம பூஷண் கொடுத்தார்கள், வாங்கவில்லை. அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடம் விருது வாங்கக் கூடாது என்பது அவர் வாதம். அவர் இரண்டுமாக இருந்தவர்.

2011 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தியை, நான் இப்போது இருக்கும் ஊரில், பனி கொட்டிய ஒரு காலையில், ரயிலில் படித்தேன். சாருக்கு போன் செய்தேன், ரொம்ப நேரம் பேசினோம். சுப்பிரமணியத்தின் மகன் ஜெய்சங்கர் வெளியுறவு அமைச்சர் என்பது எல்லோருக்கும் தெரியும், அப்பா நம் ஆய்வகத்தில் நின்றவர் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சார்பில் வருடம் ஒருமுறை அவர் பெயரில் ஒரு சொற்பொழிவு நடத்தலாமே, வேதியியல் மாணவர்களையும் அரசியல் அறிவியல் மாணவர்களையும் ஒரே அரங்கில் உட்கார வைத்து. முதல் வருடச் செலவில் என் பங்கை இப்போதே தருகிறேன்.