எருமைக்கும் சர்ரா வரும்

கோத்தகிரிப் பக்கம் எருமை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சல் விட்டு விட்டு வந்து, பாலும் குறைந்து, சினை கலைந்தால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சர்ராவாக இருக்கலாம். டிரிபனோசோமா இவான்சி என்ற இரத்த ஒட்டுண்ணியால் வரும் நோய் இது. அந்த ஒட்டுண்ணி, 1880-இல் கிரிஃபித் இவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் குதிரை, ஒட்டக இரத்தத்தில் கண்டது. கடிக்கிற மாட்டு ஈதான் மாட்டுக்கு மாடு கொண்டுபோகிறது.

இந்த நோய் வந்தால் குதிரை சீக்கிரம் படுத்துவிடும். எருமை பெரும்பாலும் வெளியே காட்டாது, அதுதான் தொல்லை. நன்றாகத்தானே மேய்கிறது என்று விட்டுவிடுவோம். உள்ளுக்குள் இரத்தசோகை. எதிர்ப்புச் சக்தியும் குறைவதால் தொண்டை அடைப்பான் நோய்க்குப் போடும் தடுப்பூசிகூடச் சரியாகப் பிடிக்காமல் போகலாம். (ஊசியைக் குறை சொல்லிக்கொண்டு இருப்போம்!)

காய்ச்சல் அடிக்கும்போதே இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஸ்லைடில் கிருமி தென்பட வாய்ப்பு அதிகம். அப்புறம், மருந்தை எடை பார்த்து டாக்டர்தான் போட வேண்டும்.