கத்திரி வெயிலில் டைல்ஸ் வேலை

மே 5

நேற்று கத்திரி பிறந்தது, இன்று டைல்ஸ் லோடு வந்து இறங்கியது. மாடி வீட்டுக்கு வைகாசி கடைசியில் பால் காய்ச்சியாக வேண்டும். ஆனிக்குத் தள்ளிப் போட்டால் அம்மா சம்மதிக்க மாட்டார், ஆடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆக மதுரை வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் தரை வேலை.

ஹாலுக்கு 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு (அதிகச் சூட்டில் சுட்டு இறுகிய டைல்), குளியலறைச் சுவருக்கு சாதாரண செராமிக், அதன் தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ் 1க்கு 1. எல்லாம் குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த சரக்கு, இந்தியாவில் விற்கும் டைல்ஸில் பெரும்பங்கு அந்த ஊர்தான். ஹால் 320 சதுர அடி. 2க்கு 2 பெட்டியில் 4 டைல்ஸ், பெட்டிக்கு 15.5 சதுர அடி, வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்து சதவீதம் சேர்த்து 23 பெட்டி சொல்லியிருந்தோம். இறக்கும்போது பெட்டி ஓரத்தில் அச்சடித்திருக்கும், நிறச் சாயலைச் சொல்லும் ஷேடு எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தேன், மூன்று பெட்டியில் எண் வேறு. "கலர் ஒண்ணுதான் சார்" என்றார் கடைப் பையன். வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவரே ஒன்றும் பேசவில்லை. அதே வண்டியில் திருப்பி அனுப்பினேன். ஒட்டிய பிறகு இதற்கு வைத்தியம் கிடையாது.

மே 7

குளியலறையில் வாட்டர் ப்ரூஃப் பூச்சு காய்ந்துவிட்டது. குழாய் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி விட்டிருக்கிறோம், 48 மணி நேரம் நிற்கட்டும். கீழ் வீட்டுச் சமையலறைக் கூரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன், ஈரம் வந்தால் உடனே தெரியும். டைல்ஸ் போட்டால் தண்ணீர் இறங்காது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இறங்கும், ஜாயிண்ட் வழியாக இறங்கும். தடுப்பது அடியில் இருக்கும் பூச்சுதான்.

மே 8

ஹாலில் நூல் கட்டும் நாள். மேஸ்திரி அண்ணன் மூலையிலிருந்து ஒரு சுவரில் 6 அடி, அடுத்த சுவரில் 8 அடி அளந்து குறி வைத்தார். குறுக்கே டேப்பைப் பிடித்தால் 10 அடி வர வேண்டும். ஓர் அங்குலம் கூடியது, அதாவது சுவர் மூலைமட்டத்தில் இல்லை. சுவரை நம்பி முதல் வரிசை போட்டால் மறு கோடியில் போகப் போகக் குறுகும் கோணல் துண்டுதான் வைக்க வேண்டியிருக்கும். அதனால் நடுவில் நூல் கட்டி, கலவை எதுவும் இல்லாமல் ஒரு வரிசையைச் சும்மா பரப்பிப் பார்த்தோம். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் முழு டைல், கட்டிங் பீஸ் எல்லாம் சோபா வரும் பக்கம்.

ஏப்ரலிலேயே தளக் கலவை போட்டு ஏழு நாள் தண்ணீர் காட்டியிருந்தோம். ஆறடி அலுமினியப் பட்டையை அதன் மேல் வைத்து அடியில் டார்ச் அடித்தால் அங்கங்கே வெளிச்சம் கசிந்தது. அந்தப் பள்ளங்களை இன்றே நிரவச் சொன்னேன். "ஒட்டுறப்ப பசையை கெட்டியா வச்சு சரி பண்ணிக்கலாம் தம்பி" என்றார். வேண்டாம் என்றேன், பசை ஒட்டத்தான், மேடு பள்ளத்தை நிரப்ப அல்ல. கனமாக வைத்த இடம் காயக் காயச் சுருங்கி டைலைக் கீழே இழுத்துக்கொள்ளும்.

மே 10

எதிர்பார்த்த சண்டை நடந்தது. நான் வருவதற்குள் மேஸ்திரி முதல் டைலில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை பசை வைத்து அமுக்கிவிட்டார். மட்டம் பார்க்கச் சுலபம், வேகமாகவும் போகும், சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வேகம்தான் காசு. இதில் அவர் மேல் எனக்குக் கோபமில்லை, கணக்கு அப்படி இருக்கிறது. ஆனால் உருண்டைகளுக்கு நடுவே வெறும் காற்று. நாற்காலிக் காலோ கனமான பாத்திரமோ அந்த இடத்தில் விழுந்தால் பிளந்துவிடும்.

சதுர அடிக்குக் கூலி கூட்டித் தருகிறேன், பல் கரணையால், அதாவது ஓரம் சீப்பு மாதிரி வெட்டிய கரணையால், பசையில் கோடு இழுத்து ஒட்டுங்கள் என்றேன். சரி என்றார். தரையில் ஒரே திசையில் கோடு, டைலின் பின்பக்கம் மெல்லிய ஒரு பூச்சு, வைத்த பிறகு கோட்டுக்குக் குறுக்கே லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் காற்று வெளியேறிக் கோடுகள் படுத்துவிடும். இன்னொன்று, டைலின் பின்னால் சூளையிலிருந்து வரும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் கோலமாவு மாதிரி வருகிறது. அதை ஈரத் துணியால் துடைக்காமல் ஒட்டினால் பசை பிடிப்பது பொடியைத்தான். சித்தாள் அக்காவுக்கு இன்று முழுக்க அந்த வேலை. டைலின் பின்னால் இருக்கும் அம்புக்குறி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கியும் கொடுத்தார், நான் சொல்லவே இல்லை.

மதியம் சந்தேகத்துக்கு ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்தோம். பின்பக்கம் ஓரம் வரைக்கும் பசையின் சாம்பல் நிறம், ஒரு மூலையில் மட்டும் கட்டைவிரல் அளவு பசை படாத வெள்ளை. மேஸ்திரியே அடுத்த டைலில் அந்த மூலைக்குக் கொஞ்சம் கூட வைத்தார்.

மே 11

எங்கள் கட்டட வேலைகளில் வழக்கமாகச் சிமெண்ட் பால் ஊற்றித்தான் டைல்ஸ் பதிப்பார்கள், அப்புறம் இந்த விலையில் பசை எதற்கு என்று மச்சான் கேட்டார். விட்ரிஃபைடு டைல் தண்ணீர் குடிக்கவே குடிக்காது, அதன் எடையில் அரை சதவீதத்துக்கும் கீழே. சிமெண்ட் பால் பிடிக்க அதில் நுண்துளை இல்லை. சுவருக்கு வந்த செராமிக் அப்படியல்ல, பத்து சதவீதத்துக்கு மேல் குடிக்கும். கலவையில் பதிப்பதாக இருந்தால் தொட்டியில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தை அதுவே உறிஞ்சிவிடும். பசை மூட்டையில் டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15477 போட்டிருக்கிறதா, எந்த டைப் என்று பார்த்து வாங்கினால் போதும்.

வெயில்தான் பெரிய எதிரி. விரித்த பசை சாதாரணமாக இருபது நிமிடம் தாங்கும் என்பார்கள், இங்கே பால்கனிப் பக்கம் அனல்காற்றில் பத்து நிமிடத்திலேயே மேலே ஆடை கட்டுகிறது. விரலால் தொட்டால் ஒட்டாது. அப்படி ஆனதைச் சுரண்டி எறிய வேண்டும், தண்ணீர் தெளித்து உயிர் கொடுக்கக் கூடாது. காலை ஆறுக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்துவது, சாயங்காலம் மறுபடி என்று மாற்றிக்கொண்டோம். ஜன்னலுக்குத் தார்ப்பாய்.

மே 14

குளியலறை வாட்டம். இதில் நான் வாயைத் திறக்கவில்லை, மேஸ்திரியின் கை அப்படி. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம், நான்கு பக்கமிருந்தும் தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி. அந்த ஓட்டையில் பிளம்பர் வைத்துவிட்டுப் போன ட்ராப் அரை அங்குலம் உயரமாக நின்றது, அதைப் பெயர்த்து இறக்கிச் சுற்றிலும் மறுபடி பூச்சு அடித்துத் தண்ணீர் கட்டியதில் இரண்டு நாள் போனது. இன்று ஒரு கோலிக்குண்டை மூலைக்கு மூலை விட்டுக் காட்டினார், எங்கே விட்டாலும் ட்ராப்பில் போய் நின்றது. சின்ன டைல் எடுத்ததன் லாபம் இங்கேதான், பெரிய டைலை இந்த இறக்கத்துக்கு மடக்க முடியாது, வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மே 16

மச்சானுக்கு பேப்பர் ஜாயிண்ட் வேண்டுமாம், இடைவெளியே தெரியக் கூடாதாம். நான் டைல்களுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கும் 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டே தீருவேன் என்று நின்றேன். ஒரே பெட்டியில்கூட டைலுக்கு டைல் மயிரிழை அளவு மாறும், இடைவெளி இல்லாவிட்டால் நாலு வரிசை தாண்டியதும் கோடு ஓடிவிடும். அதைவிட முக்கியம் வெயில். தளம் சூட்டில் விரியும், விரிய இடமில்லாத டைல்ஸ் ஒருநாள் மத்தியானம் வெடித்த சத்தத்தோடு நடு ஹாலில் எழும்பி நிற்கும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நடந்திருக்கிறது. அதனால் நான்கு சுவரோரமும் 8 மில்லிமீட்டர் வெறுமனே விட்டிருக்கிறோம், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்டிங் பட்டை அதை மறைத்துவிடும். அந்த இடுக்கில் கலவை விழுந்து இறுகினால் விட்டது வீண். தினமும் சாயங்காலம் ஒரு பழைய பிரஷ்ஷால் கூட்டி எடுக்கிறார்கள்.

மே 20

கட்டையால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே நடந்தோம். இரண்டில் பொள்ளென்ற சத்தம், அடியில் பசை பிடிக்கவில்லை, பால்கனி ஓரம், அந்த அனல்காற்று அடித்த இடம். ஜாயிண்டை அடைக்கும் க்ரவுட் போடுமுன் பெயர்த்து மாற்றியாயிற்று.

மே 23

ஹாலுக்கு சிமெண்ட் க்ரவுட், குளியலறைக்குப் பிசின் வகையான எபாக்சி. எபாக்சியில் விலையைவிட அவசரம்தான் பயமுறுத்துகிறது, கலந்த டப்பா இறுகுவதற்குள் போட்டு, டைல் மேல் படிந்த மெழுக்கையும் ஸ்பாஞ்சால் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் கல்.

ஹாலில் தங்கிய சிமெண்ட் கறைக்கு ஆசிட் கேனோடு வந்தார் ஒரு தம்பி. ஊற்றினால் கறை போகும், கூடவே நேற்றுப் போட்ட க்ரவுட்டும் நுரைத்துக்கொண்டு போகும். கேனைக் கீழே அனுப்பிவிட்டு ஈரத் துணி கொடுத்தேன், முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். இனி ஸ்கர்டிங் மட்டும் பாக்கி. மாடிப்படிக்கு கிரானைட்டா டைல்ஸா என்று வீட்டில் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது.